பிஷப் வீட்டு விருந்தாளி

மாலகி தன் இடுப்பு அறுவை சிகிச்சையை மறுபடியும் தள்ளிப்போட்டுவிட்டார். காரணம் டேன்சி. அவர் கொட்டகையில் மிஞ்சியிருந்த கடைசிப் பந்தய நாய். மற்ற நாய்களை வேறு பயிற்சியாளர்கள் வாங்கிக்கொண்டார்கள். ஓடி ஓய்ந்தவளை யாரும் கேட்கவில்லை.

"அவளுக்கு ஒரு வீடு கிடைக்கட்டும், நோரீன். அப்புறம் டாக்டருங்க என்னை எங்க வேணா வெட்டிக்கட்டும்" என்றார்.

ஓய்வுபெற்ற கிரேஹவுண்டு பந்தய நாய்களுக்கு வீடு தேடித் தருவது அயர்லாந்தின் திப்பரேரியில் நாங்கள் சிலர் சேர்ந்து செய்யும் வேலை. டேன்சிக்காக நான் கண்டுபிடித்தது டெர்வலா குவர்க்கை. குளிர்காலத்தில் கணவரை இழந்தவர். வீட்டின் அமைதியைத் தாங்க முடியவில்லை என்று நாய் கேட்டு வந்தார். ஒரே சிக்கல், அவரிடம் பூனை இருந்தது.

"பிஷப்னு பேர் வச்சது எங்க வீட்டுக்காரர்தான். அது நடக்கிறதப் பாருங்க, ஏன்னு தெரியும்."

பஞ்சுபோல எது ஓடினாலும் துரத்து என்றே பழக்கப்பட்ட இனம் இது. சில நாய்கள் பூனையோடு ஒத்துப்போகும், சில கடைசிவரை போகாது. அதனால் வாய்மூடி மாட்டி, வாரில் பிடித்து, ஒருமுறை பார்த்த பிறகே கொடுப்போம்.

ஞாயிறு பூசை முடிந்ததும் மாலகி தன் வேனில் டேன்சியை டெர்வலா வீட்டுக்கு அழைத்து வந்தார். கறுப்பு உடம்பு கண்ணாடியாய் மின்னியது. ஆனால் வாசலிலேயே அவள் நடுங்கத் தொடங்கியிருந்தாள். ஜன்னல் திண்டிலிருந்து பிஷப் குதித்ததுதான் தாமதம், டேன்சி பாய்ந்தாள். மாலகி இழுபட்டார். மேசை சாய்ந்து தேநீர்க் கோப்பைகள் உடைந்தன. பூனை அலமாரியின் உச்சிக்குப் போய்விட்டது. அதற்கு ஒரு கீறலும் இல்லை. டெர்வலாவின் முகம்தான் வெளுத்துவிட்டது.

"மன்னிச்சுக்கங்க. என்னால முடியாது."

மாலகி நாய்க்காக வாதாடவில்லை. வாரை என்னிடம் தந்துவிட்டு, அந்த இடுப்போடு தரையில் மண்டியிட்டு, உடைந்த சில்லுகளைப் பொறுக்கினார்.

"விடுங்க, நான் பெருக்கிக்கிறேன்."

"பூனை கால்ல குத்திடும், மிஸஸ் குவர்க்."

திரும்பும்போது வேன் முழுக்க ஒரே தைல நெடி.

"என்ன இது, மாலகி?"

"அவ தொடை முழுக்கத் தேச்சுவிட்டேன். நகம் வெட்டினேன். போற இடத்துல அழகா இருக்க வேணாமா?"

"காலைல சாப்பிட்டாளா?"

"எப்படிக் குடுப்பேன்? வெளிய கூட்டிட்டுப் போற அன்னிக்கு வயித்த..." பாதியில் நிறுத்தினார். வண்டியையும் ஓரமாக நிறுத்தினார். "தைலம், காலி வயிறு, வேன். நான் அவளை வீடு பாக்கக் கூட்டிட்டுப் போகல, நோரீன். பந்தயத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்கேன்."

அன்பில் குறையில்லை. ஆனால் அன்பு தனக்குத் தெரிந்த வழியிலேயே நடந்துவிடுகிறது.

நடந்ததை டெர்வலாவிடம் போய்ச் சொன்னேன். இரண்டாம் முறையும் சரிவராமல் போகலாம் என்பதையும் மறைக்கவில்லை.

"குனியும்போது அந்த மனுஷன் முகம் போன போக்கைப் பாத்தீங்களா? அவ்வளவு வலியிலயும் என் பூனை காலப் பத்தி நினைச்சாரு. இன்னொரு தடவை வரட்டும்."

இம்முறை டேன்சி பாலில் ஊறிய ரொட்டியும் இறைச்சியும் வயிறாரத் தின்றுவிட்டு, என் காரின் பின்னிருக்கையில் படுத்தபடி வந்தாள். தைலம் கிடையாது. வாசலில் மாலகி வாரை டெர்வலாவின் கையில் வைத்தார்.

"நான் பிடிச்சா ஓடச் சொல்றேன்னு நினைப்பா. நீங்க பிடிங்க."

பிறகு ஒரு மூலையில் உட்கார்ந்தார். அவர் உதடுகள் ஜெபத்தில் அசைந்தன.

அலமாரி மேல் பிஷப். டேன்சியின் காதுகள் நிமிர்ந்தன. பூனை தன் பாதத்தை நக்கிக்கொண்டது.

"அவரை அப்படி முறைக்காதம்மா" என்றார் டெர்வலா மெல்ல. "இந்த மறைமாவட்டமே அவரோடதுதான்."

டேன்சி தலையைத் திருப்பிக்கொண்டாள். பிறகு தன் முழு எடையையும் டெர்வலாவின் காலில் சாய்த்தாள்.

"ஐயோ, என்னைத் தள்ளுறாளே!"

"தள்ளல. இந்த நாய்ங்க கட்டிப்பிடிக்கிறது அப்படித்தான்" என்றார் மாலகி.

பல வாரங்களுக்கு வாய்மூடி வேண்டும், நாயையும் பூனையையும் தனியே விடவே கூடாது என்றேன்.

"எங்க கல்யாணத்துக்கு அப்புறம் என்னையும் மாமியாரையும் அப்படித்தான் வச்சிருந்தாங்க" என்றார் டெர்வலா.

தேநீர் முடிந்தபோது டேன்சி கணப்பருகே தூங்கியிருந்தாள். மாலகி அவளை எழுப்பவில்லை, பெயர் சொல்லவும் இல்லை. கதவருகே டெர்வலா தீர்த்தக் கிண்ணத்தில் விரல் நனைத்து அவர் நெற்றியில் சிலுவை வரைந்தார்.

"ஆஸ்பத்திரிக்கு எப்போ?"

"நாளைக்கே போன் பண்றேன்."

"உடம்பு தேறினதும் இங்க வாங்க. கைத்தடி ஊனி மெதுவா நடக்கிறவரோட நடந்தா இவளுக்கும் நல்லது."

மாலகி தொப்பியை அணிந்துகொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.