கவிழ்த்த குண்டு எங்கே விழும்

1.

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. இங்கிலாந்தின் கெண்ட்டில் நெடுங்காலமாகக் குடியிருக்கிறேன். போன ஞாயிறு எங்கள் ஊர் மண்டபத்தில் ஒருவர், போர்க்காலத்தில் இங்கிருந்து பறந்த முதல் ஜெட் சண்டை விமானத்தைப் புகழ்ந்து தள்ளினார். ஆளில்லாமல் பறந்துவந்த ஜெர்மன் குண்டுகளை அது எப்படித் துரத்திப் பிடித்துக் கவிழ்த்தது என்று கையை ஆட்டி ஆட்டிக் காட்டினார். கவிழ்ந்த குண்டு எங்கே விழுந்தது என்று கேட்டேன். "கீழதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு கேக் கொடுத்தார்கள்.

2.

'வெள்ளி இறக்கை வானத்தைக் கிழித்துக்கொண்டு...' (வேண்டாம். காலண்டர் படம். தவிர, அதற்கு வெள்ளி நிறமே கிடையாது.)

மறுபடி. 1944, ஆகஸ்ட் கடைசி. தரையிறங்கிய விமானி சிரில் பெனிஃபோல்ட், விமானத்தின் பீரங்கிகளைப் பராமரிக்கும் டாட்டிடம் எரிந்து விழுந்தான்.

"நாலு பீரங்கி வச்சிருக்கீங்க, நாலும் திக்குது. இதுக்குப் பேரு சண்டை விமானமா?"

"சுட்ட தோட்டாக் கூடு வெளிய விழாம உள்ளயே சிக்குது ஸார். அந்த வழிய அகலமாக்கச் சொல்லியாச்சு. மேலிடம் யோசிக்குதாம்."

"அதுவரைக்கும் நான் குண்டப் பாத்துத் திட்டிக்கிட்டு இருக்கவா?"

"திட்டிப் பாருங்க ஸார். உங்க வாய்க்குப் பயந்து அதுவே திரும்பிப் போயிடும்."

3.

தளபதி ஆக்லண்டின் உத்தரவு வேறு இருந்தது: கரையைத் தாண்டக் கூடாது.

"தண்ணியில விழுந்துட்டா நம்ம ரகசியம் ஜெர்மன்காரன் கையில போயிடும்."

"கடல் மேல கவிழ்த்தா மீனுதான் ஸார் சாகும். கரைக்கு இந்தப் பக்கம் கவிழ்த்தா மனுஷன் சாவான்."

"மனுஷன் ரகசியம் இல்லையே, பெனிஃபோல்ட்."

(அடிக்குறிப்பு போல ஒன்று: ஆக்லண்ட் என் கற்பனை. இப்படி ஒரு முட்டாள் இருக்கவே முடியாது என்றார் கதையைப் படித்த நண்பர். அவர் எந்த அலுவலகத்திலும் வேலை பார்த்ததில்லை.)

ஆக, எதையும் விரட்டிப் பிடிக்கும் விமானத்தைச் செய்துவிட்டு, அதைக் கரையோரம் காத்து நிற்க வைத்தார்கள். காவல் நாயை வாங்கி வீட்டுக்குள் பூட்டி வைப்பது மாதிரி. எனக்கு இதை எழுதும்போதே வயிறு எரிகிறது.

4.

மறுநாள் மதியம், கரையைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட ஒரு குண்டை சிரில் பிடித்தான். விசையை அழுத்தினான். பீரங்கிகள் இருமிவிட்டு நின்றன. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினான். பக்கத்தில் ஒட்டிப் பறந்து, தன் இறக்கை நுனியை அதன் இறக்கைக்கு அடியில் கொண்டுபோனான். மெல்லத் தூக்கினால் போதும், அது புரண்டு விழுந்துவிடும்.

கீழே ஹாப் தோட்டம். பியருக்குக் கசப்பு தரும் அந்தக் காய்களைப் பறிக்க, லண்டன் ஏழைகள் குடும்பத்தோடு வந்து கொட்டகைகளில் தங்கும் பருவம்.

கீழே அவன் மனைவி ஐவி கூடையோடு... (அடித்துவிட்டேன். மலிவான வேலை.)

கீழே யாருமில்லை, வெறும் வயல்... (இது மண்டபத்துக்காரரின் வயல். அவருக்கே இருக்கட்டும்.)

கீழே மேபல் ட்ரிங்கர். குண்டுக்குப் பயந்து லண்டனை விட்டு ஓடிவந்தவள். அடுப்பில் தேநீர்க் கெட்டில்.

"அம்மா, ரெண்டு ஏரோப்ளேன் ஒட்டிக்கிட்டுப் போகுது!"

"ஒண்ணு நம்மளுதுடி. கையாட்டு."

5.

காலி வயல் வரும்வரை பொறுக்கலாமே என்கிறீர்கள். முடியாது. எதிரே, பறந்துவரும் குண்டுகளைத் தடுக்கக் கம்பி கட்டி மேலே விட்ட பலூன்களின் வேலி. அதற்குள் நுழைந்தால் சிரில் செத்தான். குண்டு பெரும்பாலும் நழுவிப் போய்விடும். அதற்கப்பால் லண்டன்.

கொட்டகைகளின் புகையை சிரில் பார்த்துவிட்டான். இப்போது தூக்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். அவனுக்காக முடிவு செய்ய நான் மாட்டேன். கதை படிக்க வந்தவர் நீங்கள், நீங்களே செய்யுங்கள்.

நீங்கள் விட்டுவிடுவீர்கள், தெரியும். லண்டனில் நான் யாருக்கும் பெயர் வைக்கவில்லை.