லைசென்ஸுக்காக ஒரு தஹஜ்ஜுத்

அந்த டிரைவிங் ஸ்கூலில் அவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. பிரேக் மாஸ்டர் என்றால்தான் தெரியும். கற்றுக்கொள்கிறவர் காலுக்கு ஒரு பிரேக், கற்றுக்கொடுக்கிறவர் காலுக்கு ஒரு பிரேக் என்று அமைந்த வண்டி அது. மாஸ்டரின் கால் தன் பக்கத்துப் பிரேக்கை விட்டு இறங்கியதே கிடையாது. காலுக்குப் போட்டியாக வாயும் வேலை செய்யும். "கண்ணு முன்னாடி இருக்கா, முதுகுல இருக்கா?" என்று ஆரம்பித்தாரானால், பக்கத்தில் இருப்பவர் வங்கி மேலாளரானாலும் சரி, கல்லூரிப் பேராசிரியரானாலும் சரி, கண் கலங்கித்தான் இறங்குவார். மனுஷன் கெட்டவர் இல்லை. யாருக்கும் ஒரு தீங்கு நினைத்ததில்லை. அந்த இருக்கையில் உட்கார்ந்ததும் என்னவோ ஆகிவிடும், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவரிடம் அவருடைய மாமியாரே வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தார்.

மாமி பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவர் போனபிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டார். மாலை ஷிப்ட் முடிந்து வெளியே வருவதற்குள் கடைசி பஸ் போயிருக்கும். மருமகன்தான் போய் அழைத்து வர வேண்டும். அடுத்தவர் வண்டிக்காக வாசலைப் பார்த்து நிற்பது மாமிக்குச் சலித்துவிட்டது. தானே ஓட்டுவேன் என்றார். மாஸ்டர் பதறிப்போய், ஊரின் அந்தக் கோடியில் இன்னொரு ஸ்கூல் இருக்கிறது, ரொம்ப நல்ல ஸ்கூல் என்று மனைவியிடம் மெல்ல எடுத்துவிட்டார். மனைவி பிசியோதெரபிஸ்ட். பிடித்த பிடியை விடுகிற வழக்கம் வேலையிலும் இல்லை, வீட்டிலும் இல்லை.

"ஊரே உங்ககிட்ட வந்து கத்துக்குது. எங்கம்மா மட்டும் வேற இடத்துக்குப் போனா நாலு பேர் என்ன பேசுவாங்க?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மாமி ஒவ்வொரு கியர் மாற்றும்போதும் பிஸ்மில்லாஹ் சொல்வார். சொல்லட்டும், நல்லதுதான். ஆனால் சொல்லும்போது பக்தியில் கண்ணை மூடிக்கொள்வார். தெருவில் போகிற பெண்களில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்தவர் என்பதால், கண்ணாடியை இறக்கி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து எல்லோருக்கும் சலாம் சொல்வார். "அந்தப் பொண்ணு தலைப்பிரசவத்துல ரொம்பத் தவிச்சுப் போயிட்டா மாப்ள" என்று கதை சொல்லிக்கொண்டே சிவப்பு விளக்கைத் தாண்டுவார். மாஸ்டருக்கு அடிவயிற்றிலிருந்து வார்த்தைகள் கிளம்பித் தொண்டை வரை வரும். மாமியாரை எப்படித் திட்டுவது? "மாமி, கொஞ்சம் ரோட்டையும் பார்த்தா நல்லாருக்கும்" என்பார். விழுங்கியதெல்லாம் அடுத்து ஏறுகிறவர் தலையில் வட்டியோடு இறங்கும். மாமிக்கு அடுத்த வகுப்பு மட்டும் வேண்டாம் என்று ஆபீஸ் பெண்ணிடம் ஆட்கள் கெஞ்ச ஆரம்பித்தார்கள்.

தேர்வுக்குப் போன மாமி, முதல் தடவை எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, ஹேண்ட் பிரேக் போடாமல் இறங்கினார். வண்டி பின்னாலேயே வந்தது. அடுத்த தடவை மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார்கள். வண்டி பின்னால் உருண்டுபோய் அதிகாரிகளின் மேசையை ஓர் இடி இடித்துவிட்டு நின்றது. அதற்கடுத்த தடவை பக்கத்தில் உட்கார்ந்த இளம் அதிகாரி, மாமி கையால் பிறந்த பிள்ளையாக இருந்துவிட்டான். அவன் அம்மாவின் மூட்டுவலி, அண்ணன் கல்யாணம் என்று விசாரித்துக்கொண்டே, திரும்ப வேண்டிய எந்த இடத்திலும் திரும்பாமல் நேராகப் போய்க்கொண்டே இருந்தார். அவன் அழாத குறையாகத் தோல்வி என்று எழுதினான்.

மாஸ்டர் இடிந்துபோயிருந்த அந்த வாரம்தான் பள்ளிவாசலில் இமாம் தஹஜ்ஜுத் தொழுகையைப் பற்றிப் பேசினார். கடமையான தொழுகை இல்லை, நாமாக விரும்பித் தொழுவது. கொஞ்சம் தூங்கி எழுந்து இரண்டு ரக்அத், அதாவது இரண்டு சுற்று, தொழுதாலும் போதும். இரவின் கடைசி மூன்றில் ஒரு பகுதியில், கேட்பவர் யாராவது உண்டா, நான் கொடுக்கிறேன் என்று படைத்தவனே கேட்கிற நேரம் அது என்றார். பாவத்திலிருந்து தடுக்கும், மனதை அடக்கும் என்று மற்ற நன்மைகளையும் சொன்னார். மாஸ்டர் காதில் அதெல்லாம் விழவில்லை. கேட்டால் கிடைக்கும் என்ற இடத்திலேயே அவர் நின்றுவிட்டார். வாழ்க்கையில் இவ்வளவு அவசரமாகக் கேட்க வேண்டிய விஷயம் அவருக்கு வந்ததில்லை.

நினைத்தது சுலபம், எழுந்ததுதான் இல்லை. அலாரம் அடித்தது, தூக்கத்திலேயே அணைத்தார். போனை எட்டாத இடத்தில் வைக்கலாமென்று சமையலறையில் ஒரு எவர்சில்வர் பாத்திரத்துக்குள் போட்டார். அது போட்ட சத்தத்தில் மேல்மாடிக்காரர்கள் எழுந்தார்கள், எதிர்வீட்டுக் குழந்தை எழுந்தது, மாஸ்டர் எழவில்லை. கடைசியில் மனைவியிடம் வந்து நின்றார். இரவில் தொழ எழுந்து மனைவியை எழுப்பி, எழாவிட்டால் முகத்தில் தண்ணீர் தெளிக்கிற கணவனுக்கும், அப்படியே கணவனை எழுப்புகிற மனைவிக்கும் அல்லாஹ்வின் அருளை வேண்டி நபிகளார் சொல்லியிருக்கிறார்களே என்று எடுத்துச் சொன்னார். தண்ணீர் தெளித்தால் மெத்தை நனையும், காய வைப்பது யார் என்று கேட்டாள் அவள். தொழில்முறையில் தனக்கு வேறு வழி தெரியும் என்றாள்.

அன்று இரவு அவள் பாதித் தூக்கத்தில் புரண்டு, அவர் கால் பெருவிரலைப் பிடித்து ஏதோ ஒரு பக்கமாக வளைத்தாள். வலி என்று சொல்ல முடியாது. ஆனால் மாஸ்டர் விழித்துப் பார்த்தபோது ஏற்கெனவே எழுந்து நின்றுகொண்டிருந்தார். அவள் திரும்பிப் படுத்து முன்னைவிட நன்றாகத் தூங்கினாள்.

கை, முகம், கால் கழுவி ஒளு செய்துவிட்டுச் சத்தம் வராமல் கூடத்துக்கு வந்தார். அங்கே விடிவிளக்கு வெளிச்சத்தில் மாமி தொழுகை விரிப்பான முசல்லாவை விரித்து உட்கார்ந்திருந்தார். மாமி இதைப் பல வருஷமாகச் செய்து வருகிறார் என்பதே அப்போதுதான் மருமகனுக்குத் தெரிந்தது. மாமி "வாங்க மாப்ள" என்று சொல்லி, ஆண் முன்னால் நிற்பதற்காகத் தன் முசல்லாவைப் பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

யாரிடமிருந்து விடுதலை கேட்க வந்தாரோ அவரையே முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மாஸ்டர் தொழுதார். துஆவுக்குக் கையேந்தியதும், வாய்விட்டுக் கேட்கப் பயந்து மனதுக்குள்ளேயே கேட்டார். யா அல்லாஹ், மாமிக்கு இந்தத் தடவையாவது லைசென்ஸைக் கொடுத்துவிடு.

மாமிக்கு அப்படி எந்தச் சங்கடமும் இல்லை. வார்டில் அலறல்களுக்கு நடுவே பேசிப் பழகிய வாய். அவர் கிசுகிசுப்பதே அடுத்த அறைக்குக் கேட்கும். முதலில் வார்டில் இருக்கிற பெண்களுக்காகக் கேட்டார். எடை குறைவாகப் பிறந்த ஒரு குழந்தைக்காகக் கேட்டார். பிறகு மகள். பிறகு மருமகன்.

"யா ரப்பே, என் மருமகன் தங்கமானவர். அந்த வாயை மட்டும் கொஞ்சம் அடக்கிக் கொடு. எனக்குச் சொல்லித் தரும்போது எவ்வளவு பொறுமையா இருக்கார். அதுவே அவருக்குப் பழக்கமாகுற வரைக்கும் எனக்கு லைசென்ஸ் வராட்டியும் பரவாயில்ல."

மேசை இடிபட்டதற்கும் வண்டி பின்னாலேயே வந்ததற்கும் காரணம் கிளட்ச் இல்லை, மாமியின் துஆதான் என்று மாஸ்டருக்கு விளங்கிவிட்டது. பல வருஷப் பழக்கம் உள்ளவர் கேட்பது எங்கே, நேற்று வந்தவர் கேட்பது எங்கே?

மறுநாள் இமாமைத் தனியாகப் பிடித்தார். ஒரே நேரத்தில், ஒரே வீட்டில், இரண்டு பேர் நேர்மாறாக இரண்டு விஷயம் கேட்டால் எது நிறைவேறும் என்று பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டார்.

இமாம் தாடியைத் தடவிக்கொண்டே, "மாமியாரா?" என்றார்.

மாஸ்டர் தலையைக் குனிந்தார். யாருக்கு எது நல்லது என்பது அவனுக்குத் தெரியும், நீங்கள் கேட்கிறதை நிறுத்த வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு இமாம் அவசரமாக உள்ளே போனார். சிரிப்பை அடக்கத்தான் போனார் என்று மாஸ்டருக்குச் சந்தேகம்.

சரி, அதிகமாகக் கேட்போம் என்று மாஸ்டர் முடிவு செய்தார். மாமி நாலு ரக்அத் தொழுதால் இவர் ஆறு. மாமியின் சஜ்தா நீண்டால் இவருடையது அதைவிட நீளும். இப்படிப் போன ஓர் இரவில், நெற்றியைத் தரையில் வைத்தவர் எழவே இல்லை. மாமி தொழுது முடித்து, தஸ்பீஹ் ஓதி முடித்து, துஆவும் கேட்டு முடித்துவிட்டுப் பார்த்தார். மருமகன் அசையவில்லை. பதறாமல் பக்கத்தில் போய் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். நாடி நன்றாகவே ஓடியது. அப்புறம்தான் குறட்டை கேட்டது. மகளை எழுப்பிக் கூட்டி வந்தார். அவள் வந்து நின்று பார்த்து, இந்த நிலையில் இவ்வளவு நேரம் மடங்கியிருந்தால் முழங்கால் என்னத்துக்கு ஆகும் என்று கவலைப்பட்டாள். இருவருமாக அவரைப் பக்கவாட்டில் சாய்த்தார்கள்.

விழித்ததும் மாஸ்டர் சொன்ன முதல் வார்த்தை, "கிளட்ச்" என்பது.

மாமி சிரிக்கவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"தூக்கம் வந்தா போய்ப் படுத்துடணும் மாப்ள. ஹதீஸ்லயே இருக்கு. தூக்கக் கலக்கத்துல நல்லது கேக்குறோம்னு நினைச்சு நம்மளையே திட்டிக்குவோமாம். ரெண்டே ரெண்டு தொழுங்க. முழிச்சிருந்து தொழுங்க. இதுல யாருக்கும் யாரும் போட்டி இல்ல."

மாஸ்டருக்கு வெட்கமாகப் போயிற்று. அதன்பிறகு இரவில் விபத்து வீடியோக்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்வதை விட்டுவிட்டு, இரவுத் தொழுகையான இஷா முடிந்ததும் படுத்தார். எழுந்தால் இரண்டு ரக்அத், நிதானமாக. கேட்பதற்கு வார்த்தை வராத இரவுகளில் சும்மா உட்கார்ந்திருப்பார். தெருவில் வண்டி இல்லை, ஹாரன் இல்லை, தப்பு செய்ய ஒருத்தரும் இல்லை. இவ்வளவு அமைதியான ஒரு நேரம் தினமும் தன் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது, தெரியாமல் போயிற்றே என்று தோன்றும். அந்த அமைதி காலையில் வண்டியில் ஏறிய பிறகும் கொஞ்ச நேரம் உடம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. நாளாக ஆக மத்தியானம் வரை தாங்கியது.

ஸ்கூலில் கலவரம் கிளம்பியது. மாஸ்டருக்கு உடம்பு சரியில்லை, பெரிய வியாதியாம், டாக்டர் கைவிட்டுவிட்டாராம் என்று பேச்சு அடிபட்டது. ஆபீஸ் பெண் ஒருநாள் கண்ணீரோடு பழம் வாங்கி வந்து கொடுத்தாள். வங்கி மேலாளர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சொல்லியே விட்டார்.

"சார், நீங்க திட்டாம இருந்தா நான் எங்க தப்பு பண்றேன்னே தெரியல. பயமா இருக்கு."

இந்த நிலையில்தான் மாமிக்கு அடுத்த தேர்வு வந்தது. முந்தின இரவு மாஸ்டர் லைசென்ஸைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. மாமியின் வார்டில் இருந்த அந்தச் சின்னக் குழந்தைக்காகக் கேட்டார். பிறகு, மாமி எனக்காகக் கேட்பது எனக்குத் தேவைதான் என்று சொன்னார்.

தேர்வு மைதானத்தில் மாமி வண்டியை எடுத்துப் பாதி தூரம் போயிருப்பார். குறுக்கே வேறொரு ஸ்கூலின் வண்டி வந்து அணைந்து நின்றது. ஓட்டியது கல்லூரி போகிற வயதில் ஒரு பெண். அவள் திருப்பித் திருப்பி ஸ்டார்ட் செய்தாள். வண்டி குலுங்கிக் குலுங்கி அணைந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த அவளுடைய மாஸ்டர் கத்த ஆரம்பித்தார். கண்ணு எங்க இருக்கு, மூளை எங்க இருக்கு, காசு கொடுத்தது இதுக்குத்தானா என்று மைதானமே கேட்கும்படி கத்தினார். பெண் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

பிரேக் மாஸ்டருக்குக் காது கூசியது. ஒவ்வொரு வார்த்தையும் தனக்குத் தெரிந்த வார்த்தை. எந்த வார்த்தைக்கு அடுத்து எது வரும் என்பதுகூடத் தெரிந்திருந்தது. அவர் வேலியைத் தாண்டிப் போகக் கூடாது; போனார். அந்த வண்டியின் ஜன்னலருகே குனிந்து, "மூச்சு விட்டுக்கம்மா. யாரும் எங்கேயும் ஓடிடப் போறதில்ல. கிளட்ச்ச முழுசா மிதி, மெதுவா விடு" என்றார். பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மிதித்தாள். வண்டி கிளம்பியது.

அவ்வளவு நேரமும் மாமி தன் வண்டியை அழகாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கையும் போட்டுவிட்டுக் காத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூத்த அதிகாரி ஹாரன் அடிக்கச் சொல்லிப் பார்த்தாராம். "பிள்ளை பயந்துருக்குங்க, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாராம் மாமி. பிறகு கண்ணைத் திறந்தபடியே பிஸ்மில்லாஹ் சொல்லி வண்டியை எடுத்தவர், மேடு, திருப்பம், பின்னால் எடுத்து நிறுத்துவது என்று எல்லாவற்றையும் முடித்துவிட்டு வந்து இறங்கினார். அதிகாரி தேர்ச்சி என்று எழுதினார். மைதானத்துக்குள் புகுந்ததற்காக மாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்தார். தப்புதான் சார் என்று மாஸ்டர் ஒப்புக்கொண்டார்.

வீடு திரும்பும்போது மாமி வாயே திறக்கவில்லை. சந்தோஷமில்லையா என்று மாஸ்டர் கேட்டார்.

"சந்தோஷம்தான். ஆனா இவ்வளவு சீக்கிரம் கிடைக்கும்னு நான் எதிர்பார்க்கல" என்றார் மாமி, சந்தேகமாக மருமகனைப் பார்த்துக்கொண்டே.

இப்போது மாமி தானே வண்டியில் போய்த் தானே வருகிறார். மாஸ்டர் அடியோடு மாறிவிட்டார் என்று சொன்னால் பொய்யாகும். எழாமல் தூங்கிப்போகிற இரவுகள் உண்டு. அதற்கடுத்த நாளில் ஏறுகிறவர்கள் அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். எழுந்த இரவுகள்தான் அதிகம்.

சென்ற வாரம் ஓர் இரவில் அவர் தொழுதுகொண்டிருந்தபோது, மாமிக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு முசல்லா விரிகிற சத்தம் கேட்டது. மனைவி தலைமுடியை மூடிக்கொண்டு தூக்கக் கண்ணோடு நின்றாள். முடித்துவிட்டு எழுந்தபோது, என்ன கேட்டாய் என்று மாஸ்டர் ஆசையாக விசாரித்தார்.

"எங்கம்மா கேக்குறதைக் கொஞ்சம் சத்தமில்லாமக் கேக்கணும்னு கேட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் போய்ப் படுத்துக்கொண்டாள்.