டாக்டர் எறும்பு

கரோலுக்கு உட்கார்ந்தால் கால் ஆடும். சாந்தோம் வீட்டிலிருந்து திருவான்மியூர் ஆஸ்பத்திரி வரை பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டுதான் வருவாள். அந்த வாரம் ஆட்டம் இன்னும் அதிகம். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அவளுடைய வேலை இரண்டு வருஷம் நீளுமா, இல்லை அன்றோடு சரியா என்று தெரிந்துவிடும்.

அது என்ன வேலை என்று கேட்கிறவர்களுக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு எவ்வளவு வலிக்கிறது என்று அவர்களிடமே கேட்டு, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் மார்க் எழுத வேண்டும். ஆராய்ச்சி. "இதையெல்லாமா போய்க் கேப்பாங்க?" என்று சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். கேட்காமல் எப்படித் தெரியும்? நமக்கு வலித்தால் ஊரைக் கூட்டுகிறோம். குழந்தைக்கு வலித்தால் மட்டும் "ஒண்ணுமில்லடா" என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

சின்னப் பிள்ளைகளுக்கு நம்பர் சட்டென்று வராது என்று கரோலே ஓர் அட்டவணை போட்டிருந்தாள். "எறும்பு கடிச்ச மாதிரி" என்றால் இரண்டு. "கதவுல விரல் நசுங்கின மாதிரி" என்றால் எட்டு. ஆராய்ச்சியின் தலைவர் டாக்டர் ராஜகோபாலன் அதைப் பார்த்துவிட்டு, "நம்மூர் பாஷையிலேயே பிடிச்சுட்டியே!" என்றார். ஒரு வாரத்துக்குக் கரோலின் கால் தரையில் படவில்லை.

வியாழக்கிழமை காலை அவள் ஸ்நேஹாவின் கட்டிலுக்குப் போனாள். ஸ்நேஹாவுக்கு ஏழு வயது, ரத்தப் புற்றுநோய். அம்மா புஷ்பம் மேற்கு மாம்பலத்தில் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கிறவள். எட்டு மாதமாக முதுகில் எத்தனையோ ஊசி போட்டாயிற்று, ஸ்நேஹா ஒரு தடவைகூட அழுததில்லை. கேட்டால் "எறும்பு கடி" என்பாள். கரோல் இரண்டு போடுவாள். அழுகிற பிள்ளைகளுக்கெல்லாம் நர்ஸுகள் இவளைத்தான் உதாரணம் காட்டுவார்கள்.

அன்று பிஸ்கட் தூளுக்கு வந்த நிஜ எறும்பு ஒன்று ஸ்நேஹாவின் விரலைக் கடித்தது. புஷ்பம் அலறியடித்துத் தட்டிவிட்டு, படுக்கையைத் துடைக்கத் துணி எடுக்கப் போனாள்.

"எங்கம்மா சும்மா கத்தும்," என்றாள் ஸ்நேஹா. "இது சாதா எறும்பு. டாக்டர் எறும்பு கடிச்சாதான் நோவும்."

கரோலின் பேனா நின்றது. "டாக்டர் எறும்பா? அது எப்படிடா கடிக்கும்?"

"முதுகுல கடிக்கும். கதவுல வெரல் மாட்டிக்கினா எப்டி கீது? அத்த விட ஜாஸ்தி."

"அப்புறம் ஏன் அழவே மாட்டேங்கிற?"

"எறும்பு கடிக்குப் போயி யாராச்சும் அழுவாங்களா? எல்லாரும் சிரிப்பாங்க."

ஊசிக்கு முன்னால் நர்ஸ் சொல்வது அதுதான். டாக்டர் சொல்வதும் அதுதான். ஏன், கரோலே எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்: "எறும்பு கடிச்ச மாதிரிதான்டா இருக்கும்." பிள்ளைகள் அதையே அந்த வலிக்குப் பெயராக வைத்துக்கொண்டுவிட்டார்கள். பெரியவர்கள் சொல்லிக்கொடுத்ததைப் பெரியவர்களிடமே ஒப்பித்தார்கள். அதற்கு உட்கார்ந்து மார்க் போட்டிருக்கிறாள் இந்த மகாராணி.

பழைய தாள்களைப் புரட்டினாள். ஐம்பத்தெட்டுப் பிள்ளைகளில் முப்பத்தோரு பேர் "எறும்பு கடி". அந்த இரண்டுகளை நம்பித்தான் ராஜகோபாலன் அறிக்கை எழுதி வைத்திருந்தார், இந்த ஊசிக்கு மயக்க மருந்து தேவையில்லை என்று. ஸ்நேஹாவுக்கு அடுத்த ஊசி வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு.

அன்று மாலை கரோலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடையாற்றில் காரணமே இல்லாமல் இறங்கி, நாலு கடை தூரம் நடந்து, மறுபடி பஸ் ஏறினாள். வீட்டில் அம்மா வெரோனிகா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "லெட்டர் கைக்கு வரட்டும் பாப்பா. திங்கக்கிழமை சொன்னா குடியா முழுகிடும்?" என்றாள். கரோலுக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் ஆத்திரமாக வந்தது. திங்கட்கிழமைக்குள் ஸ்நேஹாவின் முதுகில் ஊசி இறங்கியிருக்குமே.

வெள்ளிக்கிழமை, ராஜகோபாலனின் மேஜைமேல் வேலையை நீட்டிக்கும் கடிதம் கையெழுத்துக்குத் தயாராக இருந்தது. கரோல் உட்காராமலே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

"ஒரு வருஷ வேலைம்மா," என்றார் அவர். "இதை வச்சுண்டு கமிட்டிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"தப்பு என்னோடதுன்னு சொல்லுங்க சார். ஸ்நேஹாவுக்கு இன்னிக்கு மயக்க மருந்து வேணும்."

அவர் பேனாவை மூடினார். கடிதம் இழுப்பறைக்குள் போயிற்று. "நீ சொன்னேன்னு மயக்க டாக்டரைக் கூப்பிட முடியாது. குழந்தையே நம்பர் சொல்லட்டும். எழுதிண்டு வா."

மணி பத்தரை. வார்டுக்கு மூச்சிரைக்க ஓடினாள்.

"போன தடவை முதுகுல போட்டப்ப எவ்வளவு வலிச்சுது? எறும்பெல்லாம் வேணாம், நம்பர் சொல்லு. பத்துன்னா, அதுக்கு மேல வலிக்கவே முடியாதுன்னு அர்த்தம்."

ஸ்நேஹா அம்மாவைப் பார்த்தாள். "அம்மா வெளிய போவட்டும்."

புஷ்பத்தின் முகம் சுண்டிப்போயிற்று. எழுந்து திரைக்கு அந்தப் பக்கம் போனாள்.

"ஒம்போது," என்றாள் ஸ்நேஹா, ரகசியமாக. கரோல் எழுதப் போனபோது கையைப் பிடித்தாள். "நெஜமா பத்துதான்க்கா. ஆனா பத்து போடாத. அம்மா அழுவும்."

திரைத்துணி எந்தச் சத்தத்தைத் தடுக்கும்? புஷ்பம் உள்ளே வந்தாள். கண் சிவந்திருந்தது, ஒரு சொட்டு விடவில்லை. கட்டிலில் உட்கார்ந்து மகளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"பாரு, நான் அழுவுறனா? இல்லல்ல? கரீட்டா சொல்லு."

ஸ்நேஹா அம்மாவின் கண்களை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தாள். பிறகு, "பத்து," என்றாள். சொன்ன மாத்திரத்தில் உதடு கோணிக்கொண்டது. எட்டு மாதத்து அழுகையும் சேர்ந்து வந்தது.

கரோல் எழுதினாள். மகளின் முகம் தோளில் புதைந்த பிறகுதான் புஷ்பத்தின் கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. சத்தம் வெளியே வராமல் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையால் கரோலுக்குச் சைகை காட்டினாள், ஓடு என்று.