ஓகே போட்ட தேதி

கல்யாணப் பத்திரிகையைப் படித்தால்கூட, "இங்க ஒரு கமா வரணுமே" என்று சொல்லும் பெண் அவள். அதனால் அக்காவின் கணவர் அவளுக்கு வைத்த பெயர் கமா. வீட்டில் தொடங்கிய கேலி அலுவலகம் வரை போய் ஒட்டிக்கொண்டது.

கமாவின் வேலையும் எழுதுவதுதான். கட்டட வேலைகளை நிர்வகிக்கும் மென்பொருள் ஒன்றை அவளுடைய நிறுவனம் விற்றுக்கொண்டிருந்தது. அதற்குள் புதிதாக ஓர் ஏஐ ஏஜென்டைக் கொண்டுவந்தார்கள். ஆய்வுப் பதிவைத் தேட ஒரு கருவி, வரைபடத்தை எடுக்க ஒன்று, கான்கிரீட் வண்டிக்குச் சொல்ல ஒன்று என்று அதன் கையில் ஏகப்பட்ட கருவிகள். எது எதற்கு, எதை எப்போது தொடக் கூடாது, வரும் பதிலை எவ்வளவு நம்பலாம் என்று ஒவ்வொன்றுக்கும் கமா குறிப்பு எழுத வேண்டும். மனிதனுக்கு எழுதினால், புரியாததைப் பக்கத்து மேசையில் கேட்டுக்கொள்வான். ஏஜென்ட் எழுதியதை அப்படியே பிடித்துக்கொள்ளும்.

அத்தான் சைட் இன்ஜினியர். அவருடைய சைட்டிலும் இதே மென்பொருள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அதைப் பற்றிப் பேச்சு வந்தது.

"உங்க சாஃப்ட்வேர் இருக்கே, கம்பி ஆய்வு, அதான் கம்பியைச் சரியாக் கட்டியிருக்கான்னு பாக்கறது, அதுக்கு ஓகே விழாம கான்கிரீட் வண்டிக்குச் சொல்லவே விடாது" என்றார் அத்தான். "வண்டிக்கோ முந்தின நாளே சொல்லணும். இன்ஸ்பெக்டர் கான்கிரீட் கொட்டுற அன்னிக்குக் காலையிலதான் வருவாரு. நான் என்ன பண்றது? முன்னாடியே ஓகே போட்டுடுவேன். பிள்ளை பொறக்கறதுக்கு முன்னாடியே பேர் வைக்கற மாதிரி."

"அவர் வந்து பாத்துட்டு வேணாம்னு சொல்லிட்டா?"

"வண்டியைத் திருப்பி அனுப்பிட்டு, திட்டு வாங்கிட்டு வருவேன்."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். கமாவும் சிரித்தாள்.

அந்த வாரம் சோதனை ஓட்டத்தில் ஏஜென்ட் ஒரு கேள்விக்கு, "கம்பி ஆய்வு முடிந்துவிட்டது" என்று தெம்பாகப் பதில் சொன்னது. அன்றைக்குச் சைட்டில் எடுத்த படத்திலோ கம்பி பாதிகூடக் கட்டி முடியவில்லை. மேலாளர் மண்டையை உடைத்துக்கொண்டார். காரணம் கமாவுக்கு மட்டும் தெரிந்தது. ஆய்வுக் கருவியின் குறிப்பில் எழுதினாள்: "ஒப்புதல் என்ற நிலையை மட்டும் நம்ப வேண்டாம். ஆய்வு நடக்கும் முன்பே அதைக் குறித்துவிடும் வழக்கம் உண்டு. படங்களின் தேதியோடு ஒப்பிடவும். முரண்பட்டால் திட்டத் தலைவருக்குத் தெரிவிக்கவும்."

கடைசி வாக்கியத்தை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எழுதியபோது கம்பீரமாக இருந்தது, விட்டுவிட்டாள்.

"பிரமாதம். இதெல்லாம் எப்படித் தோணுது உனக்கு?" என்றார் மேலாளர்.

"சும்மா யோசிச்சேன் சார்."

அத்தானைக் கூப்பிட ஃபோனைக் கையில் எடுத்தாள். சொன்னால் அந்த வரியை எடுத்துவிடு என்பார். முடியாது என்று அவரிடம் சொல்ல வேண்டிவரும். ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

ஏஜென்ட் வேலைக்கு வந்த சில நாட்களிலேயே அக்கா கூப்பிட்டாள். "உங்க மிஷின் ஏதோ கோள் மூட்டிடுச்சாம்டி. விசாரணை முடியற வரைக்கும் வர வேண்டாம்னு அத்தானை அனுப்பிட்டாங்க. நீ உள்ள விசாரிச்சுச் சொல்லேன்."

"சரிக்கா" என்றாள் கமா.

மறுநாள் விடுப்பு போட்டுவிட்டுப் போனாள். அத்தான் மின்விசிறியைக் கழற்றித் தரையில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். வேலை நாளில் அவரை வீட்டில் பார்ப்பதே என்னவோ போலிருந்தது.

"அத்தான், மிஷின் இல்ல. நான்தான்" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா டம்ளரும் கையுமாகச் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அத்தான் ஓர் இறக்கையை முழுசாகத் துடைத்து முடித்தார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எடுத்துடச் சொல்வீங்கன்னு பயந்தேன்."

"சொல்லியிருப்பேன்." அடுத்த இறக்கையை எடுத்துக்கொண்டே, "ஆனா நீ எடுத்திருக்கக் கூடாது" என்றார். "நாலாவது மாடிக்கு இன்ஸ்பெக்டர் வரவே இல்ல. வண்டி வந்து நின்னுடுச்சு. நானே கம்பியை எண்ணிப் பாத்துட்டுக் கொட்டிட்டேன். அதை அன்னிக்குச் சாப்பிடறப்ப உங்கிட்ட நான் சொல்லல."

"எங்கிட்டயும் சொல்லல" என்றாள் அக்கா.

அவர் தப்பு வெளியே வந்தால் தன் தப்பு இளைத்துவிடும் என்று கமாவின் மனம் ஒரு கணம் ஆசைப்பட்டது. இளைக்கவில்லை. நாலாவது மாடி விஷயம் தெரிந்தா அந்தக் குறிப்பை எழுதினாள்? நம்பிச் சொன்ன பேச்சைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, யோசித்ததாகச் சொல்லிப் பாராட்டும் வாங்கிக்கொண்டவள் அவள்.

மறுநாள் மேலாளரிடம் உண்மையைச் சொன்னாள். "ஓகே இல்லாம வண்டிக்குச் சொல்ல விடாம நாம போட்ட பூட்டுதான் சார், முன்னாடியே ஓகே போட வச்சது. அதையும் விசாரணையில சொல்லணும்." மேலாளர் முகம் சுளித்தாலும் மறுக்கவில்லை. அவளே போய்ச் சொன்னாள். ஆய்வு நிலுவையில் இருக்கும்போதே வண்டிக்கு முன்பதிவு செய்ய மென்பொருளில் வழி வந்தது. குறிப்பை அவள் திருத்தி எழுதினாள். முரண்பாடு கண்டால் முதலில் சைட் இன்ஜினியரிடம் காரணம் கேள், பதிலோடு சேர்த்து மேலே அனுப்பு என்று.

விசாரணையில் நாலாவது மாடியைத் துளைத்துப் பார்த்தார்கள். கம்பியில் குறை இல்லை. அத்தானுக்கு வேலை தப்பியது, கையெழுத்துப் போடும் அதிகாரம் போனது. வேறு ஊர் சைட்டுக்கு மாற்றினார்கள்.

அவர் கிளம்பிய அன்று கமா ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனாள். "அக்காவைப் பாத்துக்கோ கமா" என்று எப்போதும்போலச் சொல்லிவிட்டு அத்தான் ஏறினார். வண்டி போனபின் சகோதரிகள் இருவரும் டவுன் பஸ்ஸுக்கு நின்றார்கள்.

"அத்தான் மன்னிச்சிட்டாருல்லக்கா?"

"அவர் மன்னிச்சிடுவாரு. அது அவர் குணம்." அக்கா ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "எனக்கு நாளாகும்."

எத்தனை நாள் என்று கமா கேட்கவில்லை. பஸ் வந்தது. அக்கா முன்னால் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. கமா அதைத் தாண்டிப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.