கூண்டில் நின்ற பையன்

கொலை வழக்கு விசாரணையில் குற்றவாளிக் கூண்டில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் கிடங்குக் காவலாளியை இரும்புத் தடியால் அடித்துக் கொன்ற மெக்கானிக். மற்றவன் எட்டு வயதில் இருந்த அதே மெக்கானிக். வக்கீல் கட்சிக்காரரின் இளமைக் கஷ்டங்களை எடுத்துச் சொல்ல ஆரம்பித்ததும் பையன் எங்கிருந்தோ வந்து நின்றுகொண்டான். அப்பன் வைத்த சூடு முழங்கையில் இன்னும் ஆறவில்லை. நீதிபதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மேலே சொல்லுங்கள் என்றார். ஊர் இரண்டுபட்டது. பையனைப் பார்த்தவர்கள், பாவம், தண்டனையைக் குறைக்கலாம் என்றார்கள். செத்தவரைத் தெரிந்தவர்கள், கஷ்டப்பட்டவனெல்லாம் தடியைத் தூக்கினால் தெருவில் ஆள் மிஞ்சுமா என்றார்கள். இரண்டும் நியாயமாகவே பட்டதுதான் பெரிய தொல்லை.

காவலாளியின் மனைவி தையல்காரி. மெக்கானிக்கை முறைத்துப் பார்க்கத்தான் வந்திருந்தாள். கண்ணோ பையனின் கிழிந்த சட்டையிலேயே போய் நின்றது. இவனுக்காக இரங்கினால் புருஷன் செத்தது ஒன்றுமில்லை என்று ஆகிவிடுமோ என்று பயந்தாள். நீ என்ன சொல்கிறாய் என்று நீதிபதி கேட்டபோது எழுந்தாள்.

"அவனுக்கு ஒரு நாள்கூடக் குறைக்காதீங்க ஐயா. தடியைத் தூக்கினது அவன்தான், இவன் இல்ல. இவனை நான் கூட்டிட்டுப் போறேன்."

சட்டத்தில் இதற்கு இடமில்லை, தடையும் இல்லை. மெக்கானிக்குக் குறைவில்லாமல் தண்டனை கிடைத்தது. பையன் தையல் மெஷின் பக்கத்தில் துணி வெட்டுகளின் மேல் சுருண்டு தூங்கினான், எழுந்து சாப்பிட்டான், அவளை அத்தை என்று கூப்பிட்டான். வருடம் போகப் போகச் சதை பிடித்தது, சூட்டுப் புண் தழும்பில்லாமல் ஆறியது. பள்ளிக்கூடத்தில் கணக்கு மட்டும் சுட்டுப்போட்டாலும் வரவில்லை. சிறையில் மெக்கானிக்கின் முழங்கைத் தழும்பு மறைந்துபோனது. சிறை டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஆரம்பத்தில், என் நிலைமையில் யாராக இருந்தாலும் அடித்திருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் வரவரப் பேச்சைக் குறைத்தான். பிறகு அவளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினான். கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து அவளைவிட மூத்தவன், "அத்தை" என்று கூப்பிட்டான்.

"உங்க கையால சாப்பிட்டு வளர்ந்தேன். வளர்ந்து உங்க வீட்டுக்காரரையே அடிச்சிருக்கேன். ஏன்னு எவ்வளவு யோசிச்சும் ஒரு காரணமும் கிடைக்கல."

"கிடைக்காது" என்றாள்.

அவன் வாய்விட்டு அழுதான். அழட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருடத்தில் அவள் புருஷனுக்காக வேறொருவர் அழுது அன்றுதான் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, பள்ளிக்கூடம் விடுவதற்குள் போக வேண்டும் என்று எழுந்தாள். அவன் தலையாட்டினான். பள்ளிக்கூட வாசலுக்கு அவள் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை என்பது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.