ஸ்டட் சாவி

புதிய கோச் வந்த முதல் வாரத்திலேயே பதினான்கு ஆட்டக்காரர்களுக்குச் சீட்டு கிழிந்தது. லீக்கில் இரண்டு வருடத்தில் இரண்டு படி கீழே இறங்கிய கால்பந்து கிளப். போனவர்களுக்காக யாரும் கண்ணீர் விடவில்லை. உடைகளையும் பூட்ஸையும் பார்த்துக்கொள்ளும் உடையறைக்காரர் மட்டும் பதினான்கு கொக்கிகளுக்கு மேலிருந்த பெயர்ப் பட்டைகளை நெம்பி எடுத்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தார். கோச் மனசு மாறினாலும் மாறலாம் என்று நினைத்தார். மாறவில்லை. ஒன்பது புது ஆட்கள் வந்து இறங்கினார்கள்.

உடையறைக்காரரை அணி முழுக்க 'மாமா' என்றுதான் கூப்பிடும். அவர் மகளைக் கட்டியவன் அதே அணியில் லெஃப்ட் பேக், இடது ஓரத்தைக் காக்கிறவன். அவன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு மற்றவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. புதியவர்கள் வந்த அன்றே 'மாமா' போட ஆரம்பித்தார்கள். அது அவருக்குப் பிடிக்கவில்லை. எதற்கோ அடிபோடுகிறார்கள் என்று பட்டது.

ஒன்பது பேரில் ஒருவனும் லெஃப்ட் பேக். கொடிக்கம்பம் மாதிரி இருந்ததால் நெட்டை என்று பெயர் விழுந்தது. நெட்டையா, மருமகனா என்று சனிக்கிழமைப் பயிற்சி ஆட்டத்துக்குப் பிறகு சொல்வதாகக் கோச் அறிவித்துவிட்டார். மருமகனுக்கு முப்பத்திரண்டு வயது. இங்கே கழித்துவிட்டால் வேறு கிளப் வாசலில் அவனை நிற்கக்கூட விடமாட்டார்கள்.

அன்றிலிருந்து மாமாவின் கண் நெட்டையை விட்டு அகலவில்லை. எல்லோருக்கும் அரை மணி முன்னால் வந்துவிடுகிறான். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து இடது கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொள்கிறான். கேட்காமலே சிரிக்கிறான். அவன் வந்த மூன்றாம் நாள் ஸ்டட் சாவியைக் காணோம்.

பூட்ஸின் அடியில் திருகி மாட்டும் உலோகக் குமிழ்தான் ஸ்டட். ஒரு பூட்ஸுக்கு ஆறு. அதைக் கழற்றவும் மாட்டவும் ஒரு சாவி. இருபத்திரண்டு வருடமாக ஒரே ஆணியில் தொங்கிய சாவி. ஸ்டட் தேய்ந்திருப்பதைப் பார்த்தே மாமா ஆளின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார். ஒரு காலில் வலி என்றால் பாரம் அடுத்த காலுக்குப் போகும். அந்தக் காலின் ஸ்டட் சீக்கிரம் மழுங்கும். டாக்டரிடம் மறைத்தவர்கள்கூட மாமாவிடம் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே சாவியை எடுத்தவன், யாருக்கும் தெரியாமல் ஸ்டட்டை மாற்ற நினைக்கிறவன். வேறு யார்?

நெட்டையின் பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. அதுவே சந்தேகத்தைக் கூட்டியது. பக்கத்தில் மருமகனின் பூட்ஸ், எப்போதும்போலப் புத்தம் புதிதாக. "பூட்ஸை எப்படி வெச்சுக்கணும்னு இவரைப் பார்த்துக் கத்துக்கங்கடா" என்று பசங்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பார்.

கோச்சிடம் போனார்.

"சார், நெட்டைக்குக் கால் சரியில்ல."

"யார் சொன்னா?"

"ஒளிஞ்சு ஒளிஞ்சு கட்டுப் போடுறான். சாவி வேற காணோம்."

கோச் நெட்டையை ஸ்கேனுக்கு அனுப்பினார். காலில் ஒன்றுமில்லை. முதன்முதலாக ஜெயித்த ஆட்டத்தில் கட்டியிருந்தானாம், ராசி என்று விடாமல் கட்டுகிறானாம்.

"மருமகன் மேல பாசம் இருக்கட்டும் மாமா. அதுக்காக நல்லா நடக்கிறவனை நொண்டியாக்கணுமா?" என்றார் கோச்.

பழைய ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "மாமா வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்டா."

நெட்டை உடையறை ஜன்னலுக்கு வந்து தலையை நீட்டினான். "ஓசியில ஸ்கேன் எடுத்துக் குடுத்தீங்க மாமா, ரொம்ப தேங்க்ஸ்."

அந்தச் சிரிப்பையும் மாமா நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் மகள் வீட்டுக்குச் சாப்பிடப் போனார். மருமகன் பயிற்சியில் இருந்தான். குழம்புச் சட்டியின் கைப்பிடி ஆடியது. ஸ்க்ரூ டிரைவர் தேடி அடுக்களை இழுப்பறையைத் திறந்தார். கரண்டிகளுக்கு அடியில் ஒரு துணி முடிச்சு. அவிழ்த்தார். சாவி. அதனுடன் ஒரு டப்பா நிறைய மழுங்கிய ஸ்டட்கள்.

மகள் அடுப்பை அணைத்தாள். திரும்பவில்லை.

"எப்போலேர்ந்து?"

"போன சீசன் பாதிலேர்ந்துப்பா. இடது முட்டி. முன்னல்லாம் சாவியை எடுத்துட்டுப் போய் திரும்ப மாட்டிடுவார். இப்போ தினம் ரெண்டு வேளை பயிற்சி. வலது பூட்ஸ் நாலே நாள்ல தேஞ்சு போகுது."

"டாக்டர்?"

"ஆடாதேன்னு சொல்லிட்டார். அது வேற டாக்டர். கிளப் டாக்டர் இல்ல."

மாமா டப்பாவை ஆட்டிப் பார்த்தார். கனமாக இருந்தது.

"கோச்சை ஏமாத்திடலாம், டாக்டரை ஏமாத்திடலாம், உங்கப்பாவை மட்டும் முடியாதுன்னு சொல்வார்ப்பா. உங்களுக்குப் பயந்துதான் இவ்வளவும்."

"ஏமாத்திட்டாரே."

"ஒரே ஒரு வருஷம்ப்பா. நீங்க எதையும் பார்க்கலைன்னு வெச்சுக்கங்க."

அவர் சட்டியின் கைப்பிடியை இறுக்கினார். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். சாப்பிடாமல் கிளம்பினார்.

சனிக்கிழமை காலை மழை கொட்டித் தீர்த்தது. மைதானம் சொதசொதவென்று கிடந்தது. நீள ஸ்டட் போடாமல் யாரும் இறங்கக் கூடாது என்று கோச் உத்தரவு போட்டார். உடையறை ஜன்னலில் வரிசை நின்றது. எந்த நீளம் மாட்டுகிறார்கள் என்று பார்க்கக் கோச்சும் ஜன்னல் ஓரமாக வந்து நின்றார்.

"சாவி கிடைச்சிருச்சா மாமா? யார் எடுத்தா?" என்றான் வரிசையில் ஒருவன்.

"பூட்ஸைத் திருப்பி வை" என்றார் மாமா.

நெட்டை வைத்தான். இரண்டும் சீராகத் தேய்ந்திருந்தன. பொய்யில்லாத கால்கள். மாமா தலையைத் தூக்காமல் மாட்டிக் கொடுத்தார்.

கடைசியாக மருமகன். மாமாவின் கையிலிருந்த சாவியைப் பார்த்தான். அவர் முகத்தைப் பார்த்தான். பூட்ஸை அக்குளிலிருந்து எடுக்கவில்லை.

"என்னோடதை நானே மாத்திக்கிறேன் மாமா. சாவியை மட்டும் குடுங்க."

கையை நீட்டினான். கொடுத்திருந்தால் முடிந்துபோயிருக்கும். இரண்டு நிமிடம் கழிவறையில் உட்கார்ந்து மாற்றிக்கொண்டு வந்திருப்பான். கோச் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாவி இந்த ஜன்னலைத் தாண்டாது மாப்பிள்ளை."

"மாமா..."

"திருப்பி வைங்க."

மருமகன் அசையவில்லை. கோச் இப்போது திரும்பிவிட்டார். மருமகன் மெதுவாக இரண்டையும் பலகையில் கவிழ்த்து வைத்தான். இடது நேற்று வாங்கியது மாதிரி. வலதில் ஆறும் தட்டையாகக் கிடந்தன.

கோச் குனிந்து பார்த்தார். ஒரு விரலால் தடவினார்.

"என்ன மாமா இது?"

மாமா வலது பூட்ஸை எடுத்து முதல் ஸ்டட்டைத் திருகினார். மழுங்கியிருந்ததால் சாவி வழுக்கியது.

"இடது முட்டி சார்" என்றான் மருமகன். "எட்டு மாசமாச்சு."

பிறகு கோச்சும் மருமகனும் கோச்சின் அறைக்குப் போனார்கள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வெளியே விசில் ஊதினார்கள். மாமா பழையதை ஒவ்வொன்றாகக் கழற்றி நீளமானதை ஒவ்வொன்றாக மாட்டினார். பன்னிரண்டும் முடிந்தது. இரண்டு பூட்ஸையும் சேர்த்து ஜன்னல் பலகையில் நிமிர்த்தி வைத்தார்.

எடுத்துக்கொள்ள யாரும் வரவில்லை.