ஒடுக்கு எடுத்த கார்

மேல்மலையனூர்க் கல்யாணம் ஒன்றுக்கு அனுப்பிய சீர்ப் பாத்திரங்கள் பஸ் கூரையிலிருந்து கட்டவிழ்ந்து ரோட்டில் உருண்டன. அண்டாவின் வாய் கோணிப்போனது. தவலை ஒன்று முட்டை ஓடு மாதிரி உள்ளே போய்விட்டது. பெண் வீட்டார் பந்தலில் நாலு பேர் நடுவே பேசிய பேச்சைக் கேட்டுத் திரும்பிய அன்றுதான், செஞ்சி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த பாலசுப்பிரமணியன் ஒரு கார் வாங்குவதென்று முடிவு செய்தார்.

"இனிமே பஸ்ல ஏத்தறதில்ல. நாமளே கொண்டுபோய்க் குடுக்கணும்" என்று அவர் மனைவி ஜெயமும் சொன்னாள். கடையில் அவருக்குச் சமமாக உட்கார்ந்து வியாபாரம் பார்த்தவள் அவள்.

புதுக் காருக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டிய அறுபதுகள் அவை. பழைய கார் என்றதும் பஜாரில் எல்லோரும் கைகாட்டியது, திண்டிவனம் ரோட்டில் கொட்டகை போட்டு மோட்டார் வேலை பார்த்த இளையபெருமாளைத்தான். கூடவே ஓர் எச்சரிக்கையும் வந்தது: "வாய் ஜாஸ்தி. அவன் பேசறதுல பாதியைத் தள்ளிட்டுக் கேளு."

ஒரு காலையில் இளையபெருமாள் கறுப்பு ஆஸ்டின் ஒன்றைக் கொண்டுவந்து கடை வாசலில் நிறுத்தினான். பளபளவென்று இருந்தது. பாலசுப்பிரமணியன் கல்லாவை விட்டு இறங்கி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்தவர் முகம் மலர்ந்தது.

"மீட்டர் பன்னெண்டாயிரம் மைல்தானே காட்டுது? ரொம்ப ஓடலையே!"

"அண்ணே, அது ஒரு சுத்து சுத்தி வந்த மீட்டரு. லட்சம் ஆனதும் சைபருக்குப் போயி, திரும்ப மொதல்ல இருந்து ஓடுது. லட்சம் மைலுக்கு மேல ஓடி இன்னும் இருமாத எஞ்சின் இந்த ஜில்லாவுல வேற எவன்கிட்ட இருக்குது, சொல்லுங்க!"

பாலசுப்பிரமணியன் மீட்டரை இன்னொரு தரம் எட்டிப் பார்த்தார். குறையைப் பெருமையாகச் சொல்கிறவனை அவர் அதுவரை பார்த்ததில்லை.

அதற்குள் ஜெயம் இறங்கி வந்து காரின் மீது உள்ளங்கையை வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டே போனாள். குடத்தின் வயிற்றைத் தடவிப் பார்ப்பது போலத்தான் தடவினாள். இடப்பக்கக் கதவுக்கு வந்ததும் கை நின்றது.

"இந்தப் பக்கம் நசுங்கினதைத் தட்டி ஒடுக்கு எடுத்திருக்குது. கதவு மட்டுமில்ல, மேல கூரை வரைக்கும்."

இளையபெருமாள் கோபித்துக்கொள்வான் என்று எதிர்பார்த்தார் பாலசுப்பிரமணியன். அவனோ கைதட்டாத குறையாகக் குதித்தான்.

"இன்னா கை அம்மா உங்க கை! திண்டிவனத்து மெக்கானிக்குங்க மூணு பேர் பார்த்தானுங்க, ஒருத்தனுக்கும் தெரியல. கேளுங்க, கதையைச் சொல்றேன்."

சொன்னான். ஓர் அரிசி மில்காரரின் கார் அது. ஐப்பசி மழையில் சிறுபாலத்திலிருந்து வழுக்கிப் பள்ளத்தில் கவிழ்ந்தது. உள்ளே இருந்தவர்கள் சிராய்ப்போடு தப்பினார்கள். கார் தேறாதென்று இன்சூரன்ஸ்காரர்கள் பணத்தைக் கொடுத்துவிட்டு, பழைய இரும்பு விலைக்கு ஏலம் விட்டார்கள். இளையபெருமாள் ஏலம் எடுத்து, மாடு கட்டி இழுத்து வந்து, கிடைத்த நேரத்தில் எல்லாம் தட்டி நிமிர்த்தி மறுபடி ஓட வைத்திருந்தான். அதிகாரிகள் சோதித்துப் பார்த்துத் திரும்ப ஓட்ட அனுமதி தந்ததை ஆர்.சி. புத்தகத்தில் விரித்துக் காட்டினான்.

"இவ்ளோ பாடுபட்டதை எதுக்கு விக்கிற?" என்று ஜெயம் கேட்டாள்.

"விழுப்புரத்துல ஒரு வேனு எரிஞ்சு கெடக்குது அம்மா. அதை எடுத்து ஓட வைக்கணும். அதை நெனச்சா தூக்கமே வரல."

பக்கத்து ஜவுளிக்கடை தனகோட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இளையபெருமாள் டீ குடிக்கப் போன சமயம் பார்த்துப் பாலசுப்பிரமணியனின் காதருகே வந்தார். "செத்துப் பொழச்ச வண்டி. குடும்பத்தை அதுல ஏத்தாத."

பாலசுப்பிரமணியன் மனைவியைப் பார்த்தார். "இன்னா செய்யலாம்?"

"சும்மா நிக்கற வண்டியைப் பார்த்து இன்னா தெரியும்? நாளைக்குப் பாத்திரத்தை ஏத்தி ஓட்டிப் பார்க்கலாம். நானும் வரேன்."

மறுநாள் பின்சீட்டிலும் டிக்கியிலும் அண்டாவும் தவலையும் குடமுமாக அடைத்துக்கொண்டு சிங்கவரம் பக்கம் கிளம்பினார்கள். இளையபெருமாள் ஓட்டினான். முன்சீட்டில் கணவனும் மனைவியும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவன் வாய் ஓயவில்லை. கியர் மாற்றும்போது கியரைப் பற்றி, ஹாரன் அடிக்கும்போது ஹாரனைப் பற்றி.

சிங்கவரம் தாண்டி ஒரு வளைவில், வேர்க்கடலை மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று வயலிலிருந்து சடாரென்று ரோட்டில் ஏறியது. இளையபெருமாள் பிரேக்கை அழுத்தினான். பாத்திரங்கள் கலகலவென்று அதிர்ந்தன. கார் ஒரு பக்கமும் இழுக்காமல், நேராக, மாட்டின் கொம்புக்கு எதிரே வந்து நின்றது.

"அடேயப்பா! முடிச்சுக்கலாம்பா, இதுக்கு மேல இன்னா பார்க்கணும்!" என்றார் பாலசுப்பிரமணியன்.

இளையபெருமாள் எஞ்சினை அணைத்தான். தலையைச் சாய்த்து எதையோ யோசிப்பவன் போல இருந்தான். பிறகு இறங்கி, ரோட்டில் மல்லாந்து படுத்துக் காருக்கு அடியில் நுழைந்தான். வெளியே வர நேரம் பிடித்தது. வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது.

"விக்க முடியாது, அண்ணே."

"இன்னாப்பா சொல்ற?"

"நிக்கும்போது டிக்னு ஒரு சத்தம் கேட்டுது. பாத்திரச் சத்தத்துல உங்களுக்குக் கேட்டிருக்காது. அடிச்சட்டத்துல நான் வெல்டிங் அடிச்சுப் பத்த வெச்ச எடம் விரிஞ்சிருக்குது. மயிர் அளவுதான். ஆனா விரிஞ்சிருக்குது." சட்டையில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல் நின்றான். "இதுல உங்களைத் திரும்ப ஏத்திக்கினு போக மாட்டேன்."

கடலை வண்டிக்காரனிடம் அவனே பேசி, பாத்திரங்களை ஒவ்வொன்றாக மூட்டைகளின் மேல் அடுக்கிக் கொடுத்தான். கணவனும் மனைவியும் மாட்டுவண்டியில் பஜாருக்குத் திரும்பினார்கள். வளைவு மறையும் வரை, காருக்குப் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தவனை ஜெயம் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"நல்லவேளை, தப்பிச்சோம்" என்றார் பாலசுப்பிரமணியன். "தனகோட்டி சொன்னது சரியாப் போச்சு."

"அந்தக் காரைத்தான் வாங்கணும்."

"அவனே வேணாம்னுட்டானே!"

"அவன் சொல்லலன்னா நமக்குத் தெரியவே தெரியாதுங்க. நீங்க முடிச்சுக்கலாம்னு வேற சொல்லிட்டீங்க. வாயை மூடிக்கினு வித்திருக்கலாம். அவ்ளோ பெருமை பேசறவன், தான் செஞ்ச வேலை தப்புன்னு நம்ம மூஞ்சிக்கு நேரா சொன்னான் பாருங்க. நமக்கு அந்த தைரியம் வருமா? அப்படிப்பட்டவன் சரி பண்ணிட்டேன்னு சொன்னா அது சரியாத்தான் இருக்கும்." கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டாள்: "இருந்தாலும் நான் பார்த்துட்டுத்தான் வாங்குவேன்."

சில நாள் கழித்து இருவரும் கொட்டகைக்குப் போனார்கள். கார் மேல்பாகம் வேறு, அடிச்சட்டம் வேறாகப் பிரிந்து கிடந்தது. இளையபெருமாளின் மனைவி உண்ணாமலைதான் வாங்க என்று கூப்பிட்டாள்.

"அன்னைக்கு வந்ததுல இருந்து பேச்சே இல்லம்மா. சாப்டியான்னு கேட்டா தலையை ஆட்டுது. இந்த மனுஷன் பேசாம இருந்து நான் பார்த்ததே இல்ல."

இளையபெருமாள் எழுந்து நின்றான். சட்டத்தில் பழுதான பகுதியை அறுத்து எறிந்திருந்தான்.

"வளைஞ்ச இரும்பை நிமித்தி, மேல பத்த வெச்சேன். அது கூடாது. வெட்டிட்டு வேற போடணும்" என்று மட்டும் சொன்னான்.

"போடு" என்றாள் ஜெயம். "போட்டு எடுத்துக்கினு வா. வேற வண்டி பார்க்கறதா இல்ல நாங்க."

அவன் நம்பாமல் பாலசுப்பிரமணியனைப் பார்த்தான். அவர் தலையசைத்தார். அவன் தோள் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான்.

கல்யாண மாதம் நெருங்கும்போது கார் மறுபடி கடை வாசலில் வந்து நின்றது. பழைய லாரியின் சட்டத்தை வெட்டிக் கொண்டுவந்து, பற்ற வைத்தது போதாதென்று ரிவிட் ஆணி அடித்தும் இறுக்கியிருந்தான்.

"படுத்துப் பாருங்க அண்ணே" என்றான்.

பாலசுப்பிரமணியன் தன் வெள்ளை வேட்டியைப் பார்த்தார். தயங்கினார். கடைக்குள்ளிருந்து ஒரு கோணிப்பையோடு வந்தாள் ஜெயம். ரோட்டில் விரித்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பட்டப்பகலில், பஜார் மொத்தமும் பார்க்க, மல்லாந்து படுத்துக் காருக்கு அடியில் போனாள்.

ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்த தனகோட்டியின் கை பாதியில் நின்றது. "ஏம்மா, இன்னாம்மா இது!" என்று யாரோ கத்தினார்கள். இளையபெருமாள் சட்டென்று அந்தப் பக்கம் படுத்து, விரலால் இடத்தைக் காட்டினான். ஜெயம் புதுச் சட்டத்தை ஓரம் ஓரமாகத் தடவினாள். ஆணித் தலைகளை ஒவ்வொன்றாக நகத்தால் நெருடிப் பார்த்தாள். அவசரப்படவே இல்லை.

வெளியே வந்தபோது கன்னத்தில் கிரீஸ் அப்பியிருந்தது. மூக்குத்தியில்கூட ஒரு கறுப்புப் பொட்டு.

"வாங்கிக்கலாங்க" என்றாள்.

தளவானூரில் ஒரு கல்யாணத்துக்குத்தான் முதல் சீரை அதில் கொண்டுபோனார்கள். அண்டா முதல் குத்துவிளக்கு வரை ஒரு கீறல் இல்லாமல் பந்தலில் இறங்கின. பாலசுப்பிரமணியனுக்குக் கார் ஓட்ட இன்னும் கை படியவில்லை என்பதால் இளையபெருமாளே ஓட்டி வந்திருந்தான்.

பெண்ணின் தகப்பனார் காரைப் பார்த்து, "நல்ல வண்டியா? யார் பார்த்து வாங்கினது?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். இளையபெருமாளுக்கு அது போதுமாக இருந்தது. இலையில் உட்கார்ந்தவன் சாம்பாரைக்கூட மறந்துவிட்டு ஆரம்பித்தான்.

"யாரா? அதோ, பொண்ணுக்குத் திருஷ்டி கழிக்கறாங்களே, அந்த அம்மாதான். செஞ்சி பஜார்ல நடு ரோட்டுல வண்டிக்கு அடியில படுத்தாங்க. நான் அடிச்ச ஆணி அத்தனையும் தொட்டுப் பார்த்தாங்க. ஆபீசருங்க எத்தினியோ பேரு என் வண்டியைப் பார்த்திருக்கானுங்க. இவங்க கை பட்டப்போதான், சாமி, எனக்கு உடம்பு ஆடிப்போச்சு."

பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பாலசுப்பிரமணியன் பக்கத்து இலையில் உட்கார்ந்து, அவன் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடத் தள்ளிவிடாமல் கேட்டார்.